மறுமொழி: கிரிமேஸ் ஸ்கேல் – முகச்சுளிப்பு அளவுகோலா, வலிமுக அளவுகோலா?

நண்பர்களுக்கு வணக்கம்,

கிரிமேஸ் ஸ்கேல்னா மிருகத்தோட முகத்துல தெரியற மாற்றங்களப் பார்த்து அதுக்கு எவ்வளவு வலின்னு மதிப்பெண் போடற முறை. அதுக்குத் தமிழ்ப் பேரா "முகச்சுளிப்பு அளவுகோல்"னு முடிவு பண்ணிடலாம்ங்கிற பக்கமா இழை போய்க்கிட்டிருக்கு, எனக்கு அதுல உடன்பாடில்ல, ஏன்னு சொல்லிடறேன்.

நம்ம பேச்சுல முகம் சுளிக்கிறதுன்னா பிடிக்கலன்னு அர்த்தம். கசப்பு மருந்து குடிச்சா சுளிப்போம், வேண்டாதவங்க வந்தா சுளிப்போம். செம்மறி ஆடு வலிக்கு அப்படியெல்லாம் காட்டிக்காதுங்க. அது ஓநாய்க்கும் நரிக்கும் இரையாகிற ஜீவன், முடியாம நிக்கிறது வெளிய தெரிஞ்சா முதல்ல அதத்தான் அடிக்கும், அதனால முடிஞ்சவரைக்கும் வலிய மறைச்சுக்கிட்டே நிக்கும். அதையும் மீறி முகத்துல தெரியற துளியத்தான் இந்த முறை பிடிக்குது. சுளிப்புன்னு பேர் வச்சிட்டா கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைங்க சுளிப்பத் தேடும், காணோம்னதும் ஆடு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிட்டுப் போயிடும். பாவம், ஊசி கிடைக்காம கிடக்கிறது ஆடு.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல செம்மறிக்குன்னு வெளியிட்ட அளவுகோல எடுத்துக்குங்க, குளம்பு அழுகலும் மடிநோயும் வந்த ஆடுகள வச்சுப் பண்ணது. பார்க்க வேண்டியது அஞ்சு இடம்: கண்ணு, கன்னம், காது, உதடும் தாடையும், மூக்கு. மாற்றம் இல்லன்னா 0, ஓரளவு இருந்தா 1, பளிச்சுன்னு தெரிஞ்சா 2. வலியில கண்ணு இடுங்கும், கன்னம் இறுகும், காது மடங்கித் திரும்பி உள்பக்கம் முன்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிடும், ஆங்கில யூ மாதிரி இருந்த மூக்கு வீ மாதிரி குறுகிடும். இதுல எத சுளிப்புன்னு சொல்வீங்க?

இன்னொண்ணு, இந்தப் பேர் ஒரே மிருகத்துக்கு இல்ல. 2010ல கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல சுண்டெலிக்கு ஆரம்பிச்சது, அப்புறம் முயல், 2014ல குதிரை, பன்றிக்குட்டின்னு போய்க்கிட்டே இருக்கு. குதிரைக்குக் காது விறைச்சுப் பின்னால போகும், மெல்லுற தசை புடைச்சுக்கும். ஆட்டுக்கு ஒரு விதம் குதிரைக்கு ஒரு விதம்னு அசைவு மாறும்போது பொதுப்பேர்ல ஏதோ ஒரு அசைவப் பூட்டி வைக்கக் கூடாதுங்கிறதுதான் என் வாதம்.

இழையில "முகவாட்டம்"னு சொன்ன அம்மாவோட யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, ஆடு வாட்டமா நிக்குதுன்னுதானே வீட்டுல சொல்றோம். ஆனா பசிக்கும் வாடும், வெயிலுக்கும் வாடும், காய்ச்சலுக்கும் வாடும். "நோவுமுகம்" வேண்டாம், நிறைய ஊர்ல மாட்டுக்கு நோவுன்னா நோய். "முகவலி"ன்னா முகத்துல வலின்னு ஆயிடும், "முகவலிப்பு" கேட்கவே வேண்டாம்.

அதனால வலிமுகம், வலிமுக அளவுகோல். இன்முகம்னு சொல்ற மாதிரிதான் கட்டு, கேட்டதும் புரியும். மாட்டுக்கு டென்மார்க்ல செஞ்சவங்களும் வலியோட முகம்ங்கிற பொருள்லயேதான் பேர் வச்சாங்க. வடமொழியில வலீமுகம்னா குரங்குன்னு இழையில ஒரு ஐயா எழுதியிருந்தார், சரிதான், ஆனா இன்னிக்குத் தமிழ்ல அந்தப் பொருள்ல யாரும் எழுதறதில்ல, குழப்பம் வராது.

கூடவே உட்சொற்களும் சேர்த்தே முடிச்சிடலாம்: கண் இடுக்கம், கன்ன இறுக்கம், காதுநிலை மாற்றம். குறிப்புல ஒரு வரி கட்டாயம் போடணும், தூங்கிவழியற ஆட்டப் பார்த்து மதிப்பெண் போடாதீங்கன்னு, தூக்கத்துலயும் கண்ணு இடுங்கித்தான் இருக்கும்.

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல ஓடுற கோட்டுக்கு மட்டும் நல்ல சொல் அமையல. "மேலுதட்டுப் பள்ளம்"னு தற்காலிகமா வச்சிருக்கேன். கிடை போடறவங்க யாராவது உங்க பக்கம் இருந்தா அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு இதே இழையில எழுதுங்க.