எல்பிஎஸ் கொடுத்த மக்ரோபேஜில் நிலைக் காந்தப்புலம்: பிளேட்டுக்குக் கீழே காந்தம் வைத்தால் போதுமா?

கலவளர்ப்பு_கொழும்பு07
அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு கேள்வி. றோ 264.7 கலங்களுக்கு (சுண்டெலி மக்ரோபேஜ், அதாவது நோயெதிர்ப்பு விழுங்கு கலங்கள்) எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பக்றீரியாச் சுவர்ப் பொருள்) 1 மைக்ரோகிராம்/மிலி கொடுத்து, 24 மணித்தியாலம் நிலைக் காந்தப்புலத்தில் வைத்து, நைத்திரைற்றை கிறீஸ் நிறமாற்ற முறையாலும் ஆர்ஓஎஸ்ஸை (தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் வகைகள்) டிசிஎஃப்எச்-டிஏ ஒளிர் சாயத்தாலும் அளக்க உத்தேசம். கையில் இருப்பது 30 மிமீ விட்டம், 10 மிமீ தடிப்புள்ள என்42 நியோடிமியம் வட்டுகள். 96 குழிப் பிளேட்டுக்குக் கீழே வட்டை வைத்து, காந்தமில்லாத பிளேட்டை அதே இன்கியூபேற்றரின் மேல் தட்டில் வைக்கலாமா? ஒரு கட்டுரை அழற்சி குறைகிறது என்கிறது, இன்னொன்று ஆர்ஓஎஸ் கூடுகிறது என்கிறது. எதை நம்பித் தொடங்குவது?

காந்தமானி
மேல் தட்டு சரிவராது தம்பி. உங்கள் வட்டுக்கு அச்சு வழியே கணக்குப் போட்டுப் பார்த்தேன் (எச்சக் காந்தம் 1.3 டெஸ்லா என எடுத்து): மேற்பரப்பில் சுமார் 360 மில்லிடெஸ்லா, 5 மிமீ உயரத்தில் 254, 10 மிமீயில் 159, 20 மிமீயில் 61, 50 மிமீயில் 8. 30 செமீ தள்ளிப் போனாலும் ஒரே ஒரு வட்டு ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா தருகிறது. கொழும்பில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். காந்த மத்தியகோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால் இங்கே அது கிட்டத்தட்டக் கிடையாகவே இருக்கும். உங்கள் 'காந்தமில்லாத' பிளேட்டில் பூமியினதை விடக் கூடிய புலம் இருக்கும், அதுவும் வேறு திசையில்.

இன்னொரு சிக்கல் சாய்வு, அதாவது தூரத்தோடு புலம் மாறும் வீதம். 5 மிமீக்கும் 10 மிமீக்கும் இடையில் 95 மில்லிடெஸ்லா குறைகிறது, அதாவது மீற்றருக்கு 19 டெஸ்லா. குழிகளின் இடைவெளி 9 மிமீ. ஆகவே வட்டின் நடுவுக்கு மேலுள்ள குழியும் விளிம்புக்கு மேலுள்ளதும் ஒரே பரிசோதனை அல்ல. நடுக் குழியை மட்டும் எடுங்கள், அல்லது பிளேட்டுக்கு மேலும் கீழும் எதிர் முனைகள் பார்த்திருக்க இரண்டு பெரிய காந்தத் தகடுகளை இரும்புச் சட்டத்தில் பொருத்துங்கள். ஹெல்ம்ஹோல்ற்ஸ் சுருள் (எதிரெதிரே வைக்கும் ஒரே அளவான இரண்டு மின்சுருள்கள்) சீரான புலம் தரும். ஆனால் 10 செமீ ஆரையில் 10 மில்லிடெஸ்லா வேண்டுமென்றால் ஒவ்வொரு சுருளுக்கும் சுமார் 1,100 அம்பியர்-சுற்று தேவை. இன்கியூபேற்றருக்குள் அது அடுப்பு. சுருள்தான் வேண்டுமென்றால் இரட்டைக் கம்பியாகச் சுற்றுங்கள்: மின்னோட்டத்தை எதிரெதிராக விட்டால் அதே சூடு, புலம் பூச்சியம். அதைவிட நல்ல ஷாம் (புலம் மட்டும் இல்லாத போலி ஒப்பீடு) கிடையாது.

அளக்காமல் தொடங்க வேண்டாம். போன் உணரி சில மில்லிடெஸ்லாவிலேயே நிரம்பிவிடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் எஸ்எஸ்49ஈ ஹோல் சிப் (காந்தப்புலத்தை வோல்ற்றாகத் தரும் உணரி) கேட்டுப் பாருங்கள். 5 வோல்ற்றில் ஒரு மில்லிடெஸ்லாவுக்குச் சுமார் 14 மில்லிவோல்ற், ±100 மில்லிடெஸ்லா வரை நேர்கோடு. அதற்கு மேல் கௌஸ்மீற்றர் இரவல் வாங்க வேண்டும். இன்கியூபேற்றருக்குள் காந்தம் வைக்காமலே ஒவ்வொரு தட்டிலும் அளந்து எழுதி வையுங்கள். விசிறி மோட்டார், கதவுக் காந்தம் எல்லாம் இடத்துக்கு இடம் புலத்தை மாற்றும்.

ஒட்சியேற்றம்_அக்கா
காந்தமானி சொன்னதோடு உயிரியல் பக்கம் சிலது.

காந்தத்தை முதல் நாள் இரவே 37 பாகையில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் பிளேட் இருந்தால் அடிக் கலங்கள் மணிக்கணக்கில் குளிர்ந்திருக்கும். எல்பிஎஸ்ஸுக்குக் கலங்கள் காட்டும் பதில் உடனே குறையும், நீங்கள் அதைக் 'காந்தம் அழற்சியைக் குறைத்தது' என்று எழுதுவீர்கள். ஷாமுக்கு அதே நிக்கல் பூச்சுள்ள, காந்தமேற்றாத நியோடிமியம் வட்டு சிறந்தது. கிடைக்காவிட்டால் பித்தளை, அது வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பதால் கலங்கள் இருக்கும் உயரத்தில் வெப்பநிலையைச் சரிபாருங்கள். ஈரப்பதத்தில் நிக்கல் பூச்சு வெடித்துத் துருப்பிடிக்கும். இரும்பு ஐதரசன் பேரொட்சைட்டோடு சேர்ந்தால் ஐதரொட்சில் மூலிகம், அளவீடே பாழ். எப்பொக்சி பூசி, அதன் மேல் பரபிலிம் (மெழுகுப் படலம்) சுற்றுங்கள்.

எல்பிஎஸ் 1 மைக்ரோகிராம் கூடிப்போச்சு. பதில் உச்சத்தில் நிற்கும்போது 20 வீத மாற்றம் தெரியாது; 10, 100 நனோகிராம்/மிலி இரண்டிலும் செய்யுங்கள். கிறீஸுக்கு பீனோல் சிவப்பு இல்லாத ஊடகம். சோடியம் நைத்திரைற்று நியமத்தையும் அதே ஊடகத்தில் 0 முதல் 100 மைக்ரோமோலார் வரை போட்டு, 540 நனோமீற்றரில் வாசியுங்கள். கலம் செத்தாலும் நைத்திரைற்று குறையும், உயிர்ப்புச் சோதனை கட்டாயம்.

டிசிஎஃப்எச்-டிஏயை மட்டும் நம்பாதீர்கள். அது சுப்பரொட்சைட்டை (ஆர்ஓஎஸ்ஸில் ஒரு வகை) பார்ப்பதில்லை. இரும்புக்கும் பேரொட்சிடேசுக்கும் ஒளிரும், விளக்கு வெளிச்சத்திலேயே ஒட்சியேறும். 10 மைக்ரோமோலார், சீரம் இல்லாமல், இருட்டில் 30 நிமிடம். கலமில்லாத குழிகளிலும் சாயம் போட்டு அந்த அளவைக் கழியுங்கள். சுப்பரொட்சைட்டு தேவையென்றால் ஹைட்ரோஎதிடியம் என்ற சாயத்தின் விளைபொருளை எச்பிஎல்சியில் (திரவ நிறப்பகுப்புக் கருவி) பிரிக்க வேண்டும்.

முரண்பாடு பற்றி: 2008இல் மொறிஸ், ஸ்கலாக் என்ற ஆய்வாளர்கள் எலிப் பாதத்தில் ஹிஸ்டமின் வீக்கத்துக்கு 10, 70 மில்லிடெஸ்லா புலத்தை உடனே கொடுத்தபோது வீக்கம் 20 முதல் 50 வீதம் குறைந்தது. 400 மில்லிடெஸ்லாவில் ஒன்றுமில்லை. புலம் கூடினால் பலனும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. அவர்கள் கைகாட்டியது குருதிக்குழாய் மழமழப்புத் தசையின் எல் வகைக் கல்சியம் வாயில்களை. அப்படியென்றால் தனி மக்ரோபேஜ் வளர்ப்பில் அந்த விளைவு வரவே வராது. எந்த விளைவைத் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள்.

காந்தமானி
அக்கா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. 1 மில்லிடெஸ்லாவில் இலத்திரன் சுழற்சியின் சக்தி வித்தியாசம் வெப்பச் சக்தியை விட 2 இலட்சம் மடங்கு சிறியது. அதனால்தான், காந்தப்புலம் ஆர்ஓஎஸ்ஸை மாற்றுவதற்குச் சொல்லப்படும் மூலிகச் சோடி விளக்கம் (மூலிகம் என்பது சோடி சேராத இலத்திரனுள்ள மூலக்கூறு) சக்தியைப் பேசாமல் ஒற்றை, மும்மை நிலைகளுக்கிடையே சுழற்சி மாறும் வேகத்தைப் பேசுகிறது. சுப்பரொட்சைட்டின் சுழற்சி மிக விரைவில் தளர்ந்துவிடும் என்பது அந்த விளக்கத்துக்குப் பெரிய இடைஞ்சல். முடிவுரையில் அதை நிரூபணம்போல எழுதிவிடாதீர்கள்.

பிளேட்டுகளுக்குக் குறியீடு வேறொருவர் போடட்டும், வாசிப்பவருக்குத் தெரியக்கூடாது. n (மாதிரி எண்ணிக்கை) என்பது குழிகளின் எண்ணிக்கை அல்ல; வேறு வேறு நாளில், வேறு பாசேஜில் (கலங்களைப் பிரித்து மறுபடி வளர்த்த சுற்றில்) செய்தவைதான்.

வெள்ளவத்தை_வாசகி
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். முழங்கால் வலிக்கென்று கடைகளில் விற்கும் காந்தப் பட்டி இதே விஷயமா?

ஒட்சியேற்றம்_அக்கா
இல்லை தங்கச்சி. 2007இல் கனேடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வில், வலிக்கு நிலைக்காந்தம் ஷாமை விடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. பட்டிக் காந்தத்தின் புலம் சில சென்ரிமீற்றருக்குள் வீழ்ந்துவிடும், மூட்டின் உள்ளே மிகக் குறைவுதான் போய்ச்சேரும். மருத்துவர் தந்த மருந்தை அதற்காக நிறுத்த வேண்டாம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் எந்தக் காந்தமும் நெஞ்சிலிருந்து 15 செமீக்குள் வரக்கூடாது. சுமார் 1 மில்லிடெஸ்லாவிலேயே கருவி காந்தப் பயன்முறைக்கு (இதயத்தின் சொந்தத் துடிப்பைப் பாராமல் ஒரே வேகத்தில் தூண்டும் நிலை) மாறலாம்.