சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு, எங்கள் குடும்பக் குழு: பிரான்சின் மார்செய் பயணம்

பெரியப்பா: மார்செய் போவது உறுதிதானே? அப்பா அங்கே ஒரு கல் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிற படம் இருக்கிறதே, அதே இடத்தில் தங்கச்சியை நிற்க வைத்து ஒரு படம் எடு. திதிக்குள் வேண்டும்.

நான்: சரி பெரியப்பா. பழைய படத்தைப் பார்த்தால்தான் எந்த இடமென்று தெரியும்.

பெரியப்பா: டிரங்குப் பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேள்.

அத்தை: நானாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை அண்ணே. அம்மா கொடுத்தது. செல்வி, பெட்டியைத் திறந்து படத்தை அனுப்பும்மா.

சித்தி: இப்போது எதற்கு அந்தப் பேச்சு

செல்வி: 📷 இதுதான்

சித்தப்பா: மார்செய் சவுக்காரம் நான்கு கட்டி. 72 சதவீதம் எண்ணெய் என்று முத்திரை இருக்க வேண்டும்

நான்: இடம் தெரிந்துவிட்டது! சேன் ஷார்ல் ரயிலடிப் படிக்கட்டு. 1927-இல் திறந்தார்கள், மொத்தம் 104 படி. கீழே இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்த பெண் சிலைகள். ஒன்று ஆப்பிரிக்கக் காலனிகள், மற்றது ஆசியக் காலனிகள். தாத்தா நிற்பது ஆசியா பக்கம். அந்தக் காலத்தில் வியட்நாமின் சைகோனிலிருந்து வரும் கப்பல்கள் இங்கே லா ஷோலியெத் துறையில்தான் வந்து நிற்கும். இறங்கி, பாரிஸ் ரயிலுக்கு வந்தபோது எடுத்திருப்பார். பெரிதாக்கிப் பாருங்கள், தொப்பியை அக்குளில் இடுக்கியிருக்கிறார், இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது.

செல்வி: ஆமாம்!! இத்தனை வருஷம் கவனிக்கவில்லை

அம்மா: 104 படியா? முட்டி வலியோடு எப்படி?

நான்: ரயில் மேலே நிற்கும். இறங்கினால் போதும்.

அத்தை: இறங்கும்போதுதான் வலி உயிர் போகிறது

தம்பி: இஃப் கோட்டைக்குப் படகில் போங்கள். மிஸ்திரால் காற்று அடித்தால் விடமாட்டார்கள், முதலில் கேளுங்கள்

அத்தை: கோட்டை வேண்டாம். குன்றின்மேல் மாதா கோவிலுக்குப் போக வேண்டும். அப்பா அங்கே மெழுகுவத்தி ஏற்றினாராம்.

நான்: பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் எண் பஸ் கோவில் வரைக்கும் போகும் அத்தை. கோபுரத்தின் உச்சியில் தங்க முலாம் பூசிய மாதா, 11 மீட்டர் உயரம். உள்ளே மேலிருந்து குட்டிக் குட்டிக் கப்பல்கள் தொங்கும். கடலில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கொடுத்தவை. வேளாங்கண்ணியில் வெள்ளியில் கண், கால் செய்து வைக்கிறோமே, அதுபோல.

பெரியப்பா: கப்பலைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை.

அத்தை: என்னிடம் பேசுவார்.

சித்தி: 🙏

பெரியப்பா: என்ன சொன்னார்?

அத்தை: ராத்திரி போனில் சொல்கிறேன் அண்ணே. இங்கே வேண்டாம்.

பெரியப்பா: சரி. பெட்டி உன்னிடமே இருக்கட்டும். எனக்கு அந்தப் படத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடு.

சித்தப்பா: சவுக்காரம்?

நான்: வாங்குகிறேன் சித்தப்பா. வெள்ளியா சனியா, அதைச் சொல்லுங்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை.

அத்தை: காலையில் முட்டி எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறேன்