ஜோ ஃபாஸ் சிலைகிட்ட நின்னவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பனிக்காட்டான்:
அமெரிக்காவுல சவுத் டகோட்டா மாநிலத்து சூ ஃபால்ஸ் ஏர்போர்ட் வழியா போனவங்களுக்கு அந்த சிலை தெரியும். ரெண்டு வருஷம் ப்ராஜெக்ட்னு போய்ட்டு வந்தேன், ஒரு தடவகூட யாருன்னு பாத்ததில்ல. போன பிப்ரவரி ஸ்னோல ஃப்ளைட் லேட்டு, காபி கப்ப சிலையோட காலடியில வச்சுட்டு குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தேன், வெட்ரன் (முன்னாள் ராணுவத்துக்காரங்க) தொப்பி போட்ட ஒரு தாத்தா மெதுவா வந்தாரு, கப்ப எடுத்து என் கையில குடுத்தாரு, போய்ட்டாரு. ஒரு வார்த்த பேசல. ரெண்டு திட்டு திட்டியிருந்தாகூட மறந்திருப்பேன்.

அப்புறம் கேட்ல உக்காந்து படிச்சேன். ரெண்டாம் உலகப்போர்ல, பசிபிக் கடல்ல இருக்க குவாடல்கனால் தீவு சண்டையில 26 ஜப்பான் விமானத்த விழ வச்ச பைலட்டு, நடுவுல கடல்ல விழுந்து பொழச்சு, மலேரியா வேற. 1943ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையால மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்க ராணுவத்தோட பெரிய விருது. 39 வயசுல சவுத் டகோட்டா கவர்னர் (அங்க கவர்னர்னா ஓட்டு வாங்கி ஜெயிக்கணும், நம்மூரு சிஎம் மாதிரி).

மதுரைக்காரன்71:
இவரத்தானே 2002ல ஃபீனிக்ஸ் ஏர்போர்ட்ல நிறுத்தி வச்சாங்க? 86 வயசு, பேஸ்மேக்கர் வேற, பாக்கெட்ல இருந்த மெடல கூர்மையா இருக்குன்னு சந்தேகப்பட்டாங்க. மெடலோட பின்பக்கம் அவர் பேரே பொறிச்சிருக்கும். எனக்கும் இதே கதை. அப்பாவுக்கு 71 போருக்காகக் குடுத்த சங்கிராம் மெடல ஃப்ரேம் போட எடுத்துட்டுப் போனேன், செக்கிங்ல ஒரு சின்னப் பையன் அத நகத்தால சுரண்டி "சில்வரா சார்?"ங்கிறான். விளிம்புல அப்பா பேர் இருக்கு, அதுமேல அவன் நகம். எனக்கு வாயே வரல. எல்லா நாட்லயும் இதே மரியாதைதான் போல.

கேப்டன்மாமா:
@மதுரைக்காரன்71 தம்பி, ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. 9/11 முடிஞ்சு நாலு மாசம்தான் ஆச்சு, எல்லாரும் பயந்துபோய் இருந்த நேரம். தவிர ஃபாஸ்கிட்ட மெடல் மட்டும் இல்ல, நெயில் ஃபைல், டம்மி புல்லட் போட்ட கீ செயின் எல்லாம் இருந்துச்சு, நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். தனக்காக வருத்தமில்ல, அது என்ன மெடல்னே தெரியலயேன்னுதான் வருத்தம்னு அவரே சொன்னாரு. ஹீரோன்னா எல்லாரும் வழி விட்ருவாங்கன்னும் இல்ல, 1958ல பார்லிமென்ட்டுக்கு நின்னு மெக்கவர்ன்கிட்ட தோத்தாரு, அவரும் பாம்பர் ஓட்டினவர்தான், மெடல் வாங்கினவர்தான்.

என் அனுபவம்னா, சிலைய ஒரு தடவ பாத்தேன், அவ்ளோதான். ஆனா மெடல் வச்சிருக்கவங்க கேளுங்க, செக்-இன் பேக்ல போடவே போடாதீங்க, கைப்பையில வைங்க. தனித்தனியா காட்டன் துணியில சுத்துங்க. டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்துல இருந்து வெளிய வரப்ப குடுக்கறது) ஜெராக்ஸ் ஒண்ணு கூடவே இருக்கட்டும். ஃபங்ஷனுக்கு மினியேச்சர் செட் (மெடலோட சின்ன நகல்) போதும், ஒரிஜினல் எதுக்கு? பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, பேரு அழிஞ்சிடும். ரிப்பன் நஞ்சுபோனா மாத்திக்கலாம். ஃப்ரேம் போடறவன்கிட்ட ஃபெவிகால் வேணாம்னு முதல்லயே சொல்லிடுங்க.

மதுரைக்காரன்71:
ஃபெவிகால் போட்டுட்டான் மாமா.

பனிக்காட்டான்:
நான் மறுபடி அந்த வழியா போறப்போ தாத்தாவ தேடினேன். இல்ல. காபி வாங்கல.