கல்லீரல் பயாப்சியில் டிடிஎஃப்-1 பாசிட்டிவ்: லங் ப்ரைமரி என்று எழுதலாமா?

காரைக்குடி_ஸ்லைடு:
62 வயது அம்மா. கல்லீரலில் பல கட்டிகள், கோர் பயாப்சியில் இரண்டு துண்டு, ஹெச்&இ (வழக்கமான முதல் ஸ்டெயின்)-யில் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி வகைப் புற்று. மதுரைக்கு அனுப்பிய பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) ஆன்டிபாடி ஸ்டெயின் போட்டதில் சிகே7 பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ் (இரண்டும் கெரட்டின் புரதங்கள்), நுரையீரல் கட்டிக்குப் பார்க்கும் டிடிஎஃப்-1 ஃபோகல் பாசிட்டிவ், அதாவது அங்கங்கே மட்டும். சிடியில் நுரையீரல் சுத்தம். ப்ரைமரி (புற்று முதலில் தொடங்கிய உறுப்பு) எது என்று ஆன்காலஜியில் துளைத்தெடுக்கிறார்கள். லங் என்று கையெழுத்துப் போடலாமா?

மார்பாலஜி_முதலில்:
அவசரம் வேண்டாம் சார். ஸ்லைடையே வரவழைத்து 40எக்ஸில் பாருங்கள். டிடிஎஃப்-1-க்கு நியூக்ளியஸ் பழுப்பானால்தான் கணக்கு. 8ஜி7ஜி3/1 குளோன் (டிடிஎஃப்-1 ஆன்டிபாடியின் ஒரு வகை) சாதாரண ஹெபடோசைட்டின் (கல்லீரல் செல்) சைட்டோபிளாசத்தில் பொடிப்பொடியாகப் பிடிக்கும். அதைப் பார்த்து ஃபோகல் பாசிட்டிவ் போடுவது வழக்கமான சறுக்கல். எஸ்பிடி24 என்ற இன்னொரு குளோன் என்றால் வேறு தலைவலி: குடல், கருப்பை, சினைப்பைக் கட்டிகளிலும் சில சமயம் நியூக்ளியஸே நிறமேறும். குளோன் பெயரில்லாத டிடிஎஃப்-1 ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். சிகே7-ஐயும் ஒருமுறை பாருங்கள், ஓரத்தில் சிக்கிய பித்தநாளங்களும் பாசிட்டிவாகவே இருக்கும்.

தேவகோட்டை_டெக்னீஷியன்:
டிடெக்‌ஷன் கிட் (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டுவது) பயோட்டின் வகையா, பாலிமரா என்று கேளுங்கள் டாக்டர். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பயோட்டின் இயல்பாகவே அதிகம், ரிட்ரீவலில் (ஆன்டிபாடி ஒட்டுவதற்காகத் திசுவைத் தயார் செய்யும் படி) சூடாக்கினால் இன்னும் வெளியே வரும். ப்ரைமரி ஆன்டிபாடி போடாத நெகட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடிலும் பழுப்பு தெரிந்தால் அதுதான் காரணம்.
துண்டு எதில் வந்தது? சலைன் பாட்டிலில் வந்திருந்தால் எந்த ஸ்டெயினையும் நம்ப முடியாது. ஃபார்மலினில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கலப்பதும் இங்கே சகஜம். சரியான பஃபர் கலவை இது: லிட்டருக்கு ஃபார்மலின் 100 மிலி, டிஸ்டில்டு வாட்டர் 900 மிலி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) பார்ப்பதாக இருந்தால் திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். சனிக்கிழமை எடுத்ததைத் திங்கள் பஸ்ஸில் பார்சல் போடும்போது இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும்.

காரைக்குடி_ஸ்லைடு:
ஸ்லைடு வந்துவிட்டது. 8ஜி7ஜி3/1, பாலிமர் கிட், நெகட்டிவ் கன்ட்ரோல் சுத்தம். பழுப்பெல்லாம் ஓரத்து ஹெபடோசைட்டில்தான். கட்டிச் சுரப்பிகளின் நியூக்ளியஸ் நீலமாகவே நிற்கிறது. சிகே7 கட்டியிலேயே நன்றாக இருக்கிறது.

மார்பாலஜி_முதலில்:
அப்படியானால் டிடிஎஃப்-1 நெகட்டிவ். அதற்காக லங்கை அடித்துவிடவும் முடியாது, லங் அடினோ எல்லாமே டிடிஎஃப்-1 காட்டுவதில்லை. மார்பகம், கணையம்-பித்தநாளம், இரைப்பை, சினைப்பை எல்லாம் களத்தில் இருக்கின்றன. கல்லீரலுக்குள்ளேயே உருவான கோலாஞ்சியோவும் (பித்தநாளப் புற்று) சிகே7 பாசிட்டிவ்தான், அதை அடையாளம் காட்டத் தனி ஸ்டெயின் கிடையாது.
துண்டு சின்னது. ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் பிளாக்கை மறுபடி ஏற்றி முகம் சீவினால் திசு காலி. ஒரே தடவையில் 3-4 மைக்ரானில் 10 வெற்று ஸ்லைடு வெட்டச் சொல்லுங்கள். முதலில் காட்டா3, ஈஆர் (இரண்டும் மார்பகத்துக்கு), பாக்ஸ்8 (சினைப்பைக்கு), சிடிஎக்ஸ்2 (குடல் பக்கத்துக்கு). காட்டா3 படிக்கும்போது டி லிம்போசைட் நியூக்ளியஸும் பழுப்பாகும், கட்டி என்று எண்ணிவிடாதீர்கள். பாலிகுளோனல் பாக்ஸ்8 பி செல்களைப் பிடிக்கும். காட்டா3 மங்கலாக இருந்து ஈஆரும் நெகட்டிவ் என்றால் சாக்ஸ்10 போடுங்கள். ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லாத) மார்பகக் கட்டியிலும் அது வரும், மெலனோமா மட்டுமில்லை.
ஸ்டெயின் வருவதற்குள் மேமோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் பழைய பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்.