புதுப்பிப்பு: மிட்ஜெட்டின் ஜாக்கி கிடைத்துவிட்டது

மாமாவின் எம்.ஜி. மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரோடு கிடந்த இரண்டு ஜாக்கிகளில் எது அசல் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கத்தரி போல மடிவதுதான் என்று நானே அடித்தும் சொன்னேன். பிழை.

கதவுக்குக் கீழே தகட்டில் ஒரு மூடி. கழற்றினால் உள்ளே குழாய். துருப்பிடித்த தூண் ஜாக்கியின் கை அதற்குள் முழுதாகப் போய் உட்கார்ந்தது! திருக, அந்தப் பக்கத்துச் சில்லு இரண்டும் சேர்ந்து எழும்பின. ஜாக்கியின் தலையைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். கார் எழும்ப அது நிமிரும். அடித்தட்டு முற்றத்து மணலில் புதைய, மாமா பனைப் பலகை போட்டார்.

“அப்பவே சொன்னனான்” என்றார்.

மற்றப் பக்கத்துக் குழாயை யாழ்ப்பாணத்து உப்புக்காற்று தின்றுவிட்டது. வெல்டிங் முடியும்வரை அங்கே ஜாக்கி வைக்கப்போவதில்லை.