சாமான் வாங்குற காசில பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு: வன்னியில செய்து பார்த்த ஆக்களின்ர அனுபவப் பகிர்வு

மாங்குளம், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர்:

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலிருந்து இருக்கு. புத்தகம் வருது, சீருடைத் துணி வருது. வராதது என்னவெண்டு பள்ளிக்கூடத்துக்குள்ள நிக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும். போட்டோக்கொப்பி மெஷினுக்கு மை, தவணைப் பரீட்சைக்குத் தாள், கிணத்து மோட்டர் எரிஞ்சால் அதைத் திருப்பிக் கட்டுற கூலி. இதுக்கெல்லாம் பெற்றோரிட்டைக் காசு கேட்டால், இல்லாத வீட்டுப் பிள்ளை அண்டைக்குப் பள்ளிக்கூடம் வராது. அதாலதான் எந்த வீடும் எப்பிடியும் வாங்கிற அரிசி, பருப்பு, மாவில இருந்து பங்கு எடுக்கிற வழியைக் கேட்கிறன். செய்து பார்த்தவை அளவோட எழுதுங்கோ.

கன பேர் கேட்கிற ஒரு விசயத்தை முதல்லயே சொல்லிவிடுறன். அமெரிக்காவில இருக்கிற சொந்தக்காரர் சொல்லுற 'பொக்ஸ் ரொப்ஸ்' எங்களுக்குச் சரிவராது. ஜெனரல் மில்ஸ் கொம்பனி 1996இல தொடங்கினது அது. சாமான் பெட்டியில இருக்கிற சின்னத் துண்டை வெட்டிக் குடுத்தால் ஒண்டுக்கு 10 அமெரிக்கச் சதம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். 2019இல வெட்டுறதை விட்டு, கடைப் பில்லைக் கைபேசியில படம் எடுக்கிற முறைக்கு மாறிட்டினம். அங்கத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான் காசு. ஆனால் அதில எடுக்க வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு: பெற்றோர் மேலதிகமாய் ஒரு சதமும் குடுக்கேல்லை, சாமான் செய்யிற கொம்பனிதான் பங்கைக் குடுக்குது.

மல்லாவி, கூட்டுறவுச் சங்கக் கடைக் கணக்குப் பகுதி:

செயலாளர் அண்ணை, நீங்கள் கேட்பது கூட்டுறவுக்குப் புதிதல்ல. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் 28 பேர் தொடங்கிய கடை, வாங்கிய அளவுக்கு ஏற்ப அங்கத்தவருக்கு இலாபத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு இலாபத்தில் 2½ வீதத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கியது. எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அந்த வேரில் வந்தவைதான்.

செய்கிற முறை இது. பாடசாலைக்கு ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். பெற்றோர் பில் போடும்போது அந்த இலக்கத்தைச் சொன்னால், பில்லின் அடியில் பாடசாலைப் பங்கு எத்தனை ரூபா என்று அப்போதே அச்சாக வேண்டும். கையால் பில் எழுதும் கடையென்றால் மூன்று பிரதி: ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று பாடசாலைப் பெட்டிக்கு. மாத முடிவில் பெட்டியிலுள்ள துண்டுகளும் கடைக் கணக்கும் ஒத்துப்போனால், அபிவிருத்திச் சங்கத்தின் பேரில் காசோலை. ரொக்கமாகக் கொடுக்கவே வேண்டாம். "மாதக் கடைசியில் ஒரு தொகை தருகிறோம்" என்று வாய்ப் பேச்சில் விட்ட இடங்களில் இரண்டாம் மாதமே தொகை குறையும், நான்காம் மாதம் நின்றுவிடும். கடைக்காரர் ஏமாற்றுவதால் அல்ல. மாத முடிவில் அவர் கையில் இருப்பது அடுத்த கொள்முதலுக்கான காசு, அதிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். பில்லிலேயே பிரிந்தால் அது அவருடைய காசாகத் தோன்றாது.

எல்லாச் சாமானுக்கும் ஒரே வீதம் கேட்கிறார்கள், அது கூடாது. அரிசி, சீனி, பருப்பில் கடைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. அவற்றில் 1 வீதம் போதும். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கற், பொதி செய்த தூள் வகைகளில் 3 வீதம் வரை கேட்கலாம். கணக்குக்கு ஓர் உதாரணம்: மாதம் 10,000 ரூபாவுக்கு வாங்கும் 60 வீடுகள் என்றால் 6 இலட்சம். சராசரி 1½ வீதம் விழுந்தால் 9,000 ரூபா. சங்கமென்றால் இயக்குநர் சபைத் தீர்மானமாக எழுத்தில் இருக்க வேண்டும். முகாமையாளர் மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும்.

புதுக்குடியிருப்பு, அம்மாமார் மாவறுக்கிற குழு:

கடைப் பங்கு சின்னக் காசு. நல்ல காசு வாறது இராச்சாப்பாட்டுப் பொதியில. அரிசிக்கும் வறுத்த மாவுக்கும் இடையில இருக்கிற விலை வித்தியாசம் முழுக்க எங்கட கையால உண்டாகிறது, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கலாம். வாங்கிற வீட்டுக்கும் உதவி. வயலால, தையல் வேலையால ஆறு மணிக்கு வாற அம்மா ஏழு மணிக்குப் பிள்ளையளுக்குச் சுடச்சுடக் குடுக்க வேணும்.

நாங்கள் கட்டுற பொதி அஞ்சு பேருக்கு: வறுத்த சிவப்பரிசி மா 500 கிராம், மைசூர்ப் பருப்பு 200 கிராம், நெத்தலிக் கருவாடு 100 கிராம், செத்தல் மிளகாய் பத்து, மஞ்சளும் சீரகமும் சின்னச் சுருளில. தேங்காய், வெங்காயம், பச்சைமிளகாய் வீட்டில இருக்கும், அதுகளைப் போட்டால் பொதி பழுதாகும்.

மா வறுக்கிறதுதான் முக்கியம். பச்சையரிசியை நாலு மணித்தியாலம் ஊறவிட்டு, கடகத்தில அரை மணித்தியாலம் வடிய விடுங்கோ. கையில அள்ளினால் ஈரம் தெரியோணும், தண்ணி சொட்டக்கூடாது. சொட்டினால் மில்லில மா கட்டிபட்டு ஒட்டும். அரைச்ச உடன அரிச்சு, அண்டைக்கே வறுக்கோணும். ஈரமாவை விடியும்வரை வைச்சால் புளிக்கும். அகலத் தாச்சியில ஒருதரம் ஒண்டரைக் கிலோவுக்கு மேல போடாதேங்கோ, நடுநெருப்பு காணும். முதல்ல ஆவி வரும், மா பாரமாய்ப் புரளும். பிறகு மா தாச்சியில தண்ணி மாதிரி ஓடத் தொடங்கும். அப்ப விரலால ஒரு கிள்ளு எடுத்துக் கோலம் போடுற மாதிரி இழுத்துப் பாருங்கோ. கோடு அறாமல் விழுந்தால் பதம். விட்டுவிட்டு விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கு. நிறம் மாற விட்டால் இடியப்பம் பிழியேக்க அறும், புட்டுக்கு மட்டும் ஆகும்.

5 கிலோ அரிசிக்கு 4½ கிலோ மா எண்டு கணக்குப் போடுங்கோ. மில்லில ஒட்டுறது, அரிப்பில நிக்கிற கப்பி, ஈரம் போறது எல்லாம் கழியும். அஞ்சுக்கு அஞ்சு எண்டு விலை வைச்ச குழுக்கள் நட்டப்பட்டதுதான். வறுத்த மாவைப் பாயில வெள்ளைத் துணி விரிச்சு ஆறவைச்சு, உள்ளங்கையை மாவுக்குள்ள விட்டால் சூடு இல்லாத பிறகுதான் பை கட்டலாம். சூட்டோட கட்டின பையில உள்பக்கம் வேர்க்கும், ஒரு கிழமையில பூஞ்சணம்.

சமைக்கிற ஒழுங்கையும் பொதிக்குள்ள துண்டில எழுதி வையுங்கோ. முதல்ல பருப்பு: கழுவி, மூண்டு மடங்கு தண்ணியும் மஞ்சளும் விட்டு ஒரு அடுப்பில. மற்ற அடுப்பில தண்ணி கொதிக்க விடுறது. பிறகு புட்டு: மாவுக்கு உப்புப் போட்டு, கொதிச்ச தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாய் விட்டு அகப்பைக் காம்பால கிளறி, பேணி விளிம்பால கொத்துங்கோ. ஒரேயடியாய் விட்டால் உருண்டைதான் வரும், கொத்தினாலும் உடையாது. தேங்காய்ப்பூவோட நீத்துப்பெட்டியில (புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி) பத்து நிமிசம் அவியுங்கோ. பருப்பு பதினைஞ்சு நிமிசத்தில அவிஞ்சிடும், தேங்காய்ப்பாலும் உப்பும் கடைசியில. கழுவித் துடைச்ச நெத்தலியைச் செத்தல், வெங்காயத்தோட நாலு நிமிசம் பொரிச்சால் சரி. மொத்தம் முப்பது, முப்பத்தைஞ்சு நிமிசம்.

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:

அக்கா சொன்ன மாப் பொதி நல்ல வழி. சீனியை மூட்டையாக எடுத்துப் பிரித்து விற்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு 50 கிலோ மூட்டையில் கிலோவுக்கு 8 ரூபா வித்தியாசம் கிடைக்கிறது, ஆக 400 ரூபா. ஐம்பது பைகளுக்கு 3 ரூபாப்படி 150 போகும். நிறுக்கும்போது "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று பைக்கு 10 கிராம் கூடினால் அரைக் கிலோ. சீனி கிலோ 240 ரூபாவென்றால் 120 ரூபா. மிச்சம் 130. ஒரு மூட்டையைப் பிரிக்க இரண்டு பேர் ஒரு பின்னேரம் முழுக்க நிற்க வேண்டும், மாரியில் சீனி கட்டியும் படும். அந்த உழைப்பை மா வறுப்பதில் போடுங்கள். பருப்பைப் பிரிக்கலாம், ஆனால் இரண்டு கிழமையில் முடிகிற அளவுக்கு மட்டும். வண்டு விழுந்த பருப்பை யாரும் வாங்கமாட்டார்கள், சாக்குகள் நிலத்தில் படாமல் பலகையில் இருக்க வேண்டும்.

விற்பனைக்குப் பாவிக்கும் தராசு ஒவ்வொரு வருடமும் அளவீட்டு அலகுத் திணைக்களத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். பையில் நிறை, விலை, பொதி செய்த திகதி, முடிவுத் திகதி நான்கும் இருக்கட்டும். தொடங்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். பிறகு வந்து பிழை பிடிப்பதைவிட முதலே சொல்லித் தருவார்கள்.

ஓடர் எடுப்பதும் காசு வாங்குவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளிடம் கொப்பியைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பக் கூடாது, பாடசாலையில் காசு சேர்ப்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் உண்டு. அதிபரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். எந்த வீடு எவ்வளவுக்கு வாங்கியது என்று அறிவித்தல் பலகையில் போட வேண்டாம். வகுப்பு வாரியாகவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரே தொகை, அதில் என்ன வாங்கினோம் என்று ஒரு வரி. ஒன்றும் வாங்காத வீட்டுப் பிள்ளைக்கும் பரீட்சைத் தாள் அதே கட்டிலிருந்துதான் போக வேண்டும்.

ஒட்டுசுட்டான்:

கடனுக்குக் கேட்டால் என்ன செய்யிறது ரீச்சர்? காலபோக நெல் வெட்டுற மாசி, பங்குனியில எல்லாரிட்டையும் காசு இருக்கும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் ஒருத்தரிட்டையும் இல்லை.

கிளிநொச்சி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:

கடன் கொடுத்தால் இரண்டு இழப்பு தம்பி. காசும் வராது, அந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் வரமாட்டார். அறுவடை தொடங்கியதிலிருந்து கிழமைக்கு 100 ரூபாப்படி முற்பணமாக வாங்கி அட்டையில் பதியுங்கள். பன்னிரண்டு கிழமையில் 1,200 ரூபா. மாரி மாதங்களில் அந்தக் காசுக்குப் பொதி கொடுங்கள். முற்பணத்தைத் தனிப் புத்தகத்தில் வையுங்கள், இலாபத்தோடு கலந்தால் மார்கழியில் கையிருப்பு இல்லாமல் தவிப்பீர்கள்.

முல்லைத்தீவு, கருவாட்டுத் தொழில்:

நெத்தலியைப் பற்றி ஒரு சொல். வாடைக் காற்றுக் காலத்தில கடல் கொந்தளிப்பு, வெயிலும் காணாது, அப்ப வாற கருவாடு அரைக்காய்ச்சல். பொதிக்கு வேணுமெண்டால் ஆவணி, புரட்டாதிக்குள்ளயே எடுங்கோ. ஒண்டை எடுத்து முறிச்சுப் பாருங்கோ: படக்கெண்டு உடையோணும். வளைஞ்சால் இன்னொரு நாள் வெயில் வேணும். மணலில காய்ஞ்சதை வாங்காதேங்கோ, கழுவினாலும் பல்லில கடிபடும். வலையில இல்லாட்டிப் பரணில காய்ஞ்சதாய்க் கேளுங்கோ.

மாவும் கருவாடும் ஒரே பையில கூடாது அக்கா. கருவாட்டு உப்பு ஈரத்தை இழுக்கும், மாவுக்கும் மணம் ஏறும். கருவாட்டைத் தனிப் பையில சீல் பண்ணி, பொதிக்கு வெளியில கட்டிவிடுங்கோ. சைவ வீடுகளும் இருக்கு, அவைக்கு அதைக் கழட்டிப்போட்டு 100 கிராம் பயறு வைச்சுக் குடுக்கலாம். ஓடர் எழுதேக்கயே அதைக் கேட்டுப் பதிஞ்சால் கடைசி நேரத்தில பொதி பிரிக்கிற வேலை இல்லை.