பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே உறைதீனி: தமிழக-கேரள எல்லையோரத்து மூவரின் அனுபவங்கள்

களியக்காவிளையிலிருந்து

நான்கு அடி நீளமும் ஏறக்குறைய 350 லிட்டர் கொள்ளளவும் உடைய கடல்நீர்த் தொட்டி ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றை நான் வைப்பதில்லை. மென்பவளங்களும், சோவாந்தஸ் என்ற பூப்போன்ற சிறு பவள உறவினங்களின் கூட்டங்களும், ஓர் இணை கோமாளி மீன்களும், சில குரோமிஸ் மீன்களும், ஒரு சர்ஜன் மீனுமே என் தொட்டியின் குடிகள். மைசிஸ் என்ற சிறு இறால்வகை உயிரியை உறையவைத்து இறக்குமதியாகும் கட்டிகள் திருவனந்தபுரத்திலிருந்து பேருந்தில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி உருகிவிடுவதால், தீனியை நானே தயாரித்து உறையவைக்கலாம் என்று தொடங்கினேன்.

முதல் முயற்சி முழுத் தோல்வி. உரித்துச் சுத்தம் செய்து பொட்டலமாக விற்கப்பட்ட உறைந்த இறாலை ஒரு கடையில் வாங்கி, கணவாயோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தேன். மூன்று வாரங்களில் கண்ணாடியெங்கும் பச்சை மயிர்ப்பாசி படர்ந்தது. சோவாந்தஸ்கள் பகலிலும் மூடியே கிடந்தன. சோதித்துப் பார்த்தபோது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற அளவில் இருந்த, பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் 0.3 வரை ஏறியிருந்தது. நீரை மாற்றினேன், தீனியைக் குறைத்தேன், நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கழுவினேன்; எதற்கும் இறங்கவில்லை. ஒருநாள் தற்செயலாக அந்தப் பொட்டலத்தின் பின்புறத்துப் பொடி எழுத்துகளைப் படித்தபோதுதான் 451 என்ற சேர்மான எண் கண்ணில் பட்டது. உரித்த இறால் எடை குறையாமலிருக்கவும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முக்கியெடுக்கப்படும் ட்ரைபாலிபாஸ்பேட் உப்பின் எண் அது. மனிதர் உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட பொருள்தான் என்றாலும், பாஸ்பேட்டை நூறில் ஒரு பங்கு கணக்கில் அளந்து பார்க்கும் நாம் அதைக் கையால் அள்ளித் தொட்டியில் போட்டதற்குச் சமம்.

அதன் பிறகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடியும் நேரத்துக்குப் போய், தலையும் தோடும் உள்ள முழு இறாலும், கணவாயும், மீன் முட்டையும், கிடைக்கும் நாள்களில் சிப்பியும் வாங்குகிறேன். “மீனுக்குத் தீனியா மீனு வாங்குத ஆள இப்பத்தான் மக்களே பாக்கேன்” என்று சொல்லிச் சிரித்த மீன்கார அக்கா, இப்போது எனக்கென்று முட்டையைத் தனியே எடுத்து வைக்கிறார்.

மிக்ஸியையும் விட்டுவிட்டேன். அரைத்த கூழில் பாதி, மீனின் வாய்க்குப் போகாமல் நீரில் கரைந்து ஸ்கிம்மர் கோப்பைக்கே போய்ச் சேருகிறது. இப்போது இறாலையும் கணவாயையும் ஆர்.ஓ. நீரில் அலசி, ஃப்ரீசரில் ஒரு மணிநேரம் வைத்து, பாதி இறுகிய பதத்தில் எடுத்து அரிவாள்மணையில் அரிகிறேன். அந்தப் பதத்தில் கணவாய் வழுக்காது. அரிசி அளவுத் துண்டுகளாகச் சிதையாமல் விழும். சர்ஜன் மீனுக்காக நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளை ஊறவைத்துக் கிள்ளிப் போடுவேன். மீன் முட்டையை அரியத் தேவையில்லை. பவளங்களின் வாய்க்கு அதுவே சரியான அளவு.

எல்லாவற்றையும் கலந்து ஜிப் உறையில் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் தட்டையாகப் பரப்பி, ஸ்கேலின் விளிம்பால் கட்டம் கட்டமாக அழுத்திவிட்டு உறையவைக்கிறேன். தடித்த கட்டி மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகிச் சதையின் செல்களைக் கிழித்துவிடும். பின்னர் உருகும்போது அந்தச் சாறெல்லாம் வெளியே வடியும். மெல்லிய தகடு விரைவில் உறைவதால் அந்தச் சேதம் குறைகிறது. வேண்டும்போது கடலை மிட்டாயை உடைப்பதுபோல் ஒரு கட்டத்தை உடைத்துக்கொள்ளலாம். அதைத் தொட்டிநீரில் உருகவிட்டு, டீ வடிகட்டியில் ஊற்றிப் பாருங்கள். கீழே வடியும் இளஞ்சிவப்பு நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுபவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து 52 நாள்களும் நீடிப்பதால், மே மாதக் கடைசியிலேயே இரண்டு மாதத்துக்கு வேண்டியதைச் செய்து வைத்துக்கொள்கிறேன். உறையின் மேல் தேதியோடு பெரிதாக ‘மீன் தீனி’ என்றும் எழுதுவது வழக்கம். எழுதாமல் விட்ட ஒரே முறை என் தாயார் அதை எடுத்துத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்துவிட்டார்.

மார்த்தாண்டத்திலிருந்து

களியக்காவிளை நண்பர் மின்வெட்டைப் பற்றி எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபின் எங்கள் தெருவில் ஐந்து நாள்கள் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் நம் கரையில் அத்தனை இருந்த அந்த வாரத்தில் மீன் தொட்டியைப் பற்றி வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. பேட்டரி காற்றுப் பம்பை வைத்து மீன்களைக் காப்பாற்றினேன். ஆனால் மின்சாரம் வந்ததும் ஃப்ரீசரில் மீண்டும் இறுகிவிட்ட தீனியைத் தூக்கி எறிய மனமில்லாமல் போட்டேன்; மறுநாள் நீர் பால்போலக் கலங்கியது, இரண்டு குரோமிஸ்கள் இறந்தன. இப்போது ஃப்ரீசரில் ஒரு தம்ளர் நீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறேன். வெளியூர் போய்த் திரும்பும்போது நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால், நான் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அன்றே அத்தனையும் குப்பைக்குப் போகும்.

பாறசாலையிலிருந்து

2018 ஜூனில் எங்களுக்கு அடுத்துள்ள அமரவிளைச் சோதனைச் சாவடியில் பார்மலின் கலந்த மீன் பிடிபட்ட செய்திக்குப் பிறகு, லாரியில் வரும் மீனைத் தீனிக்கு எடுப்பதை நிறுத்திவிட்டேன். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாளைக் கொண்டு சில மாதங்கள் பார்த்துப் பார்த்து வாங்கினேன். பிறகு அந்தத் தொல்லையே வேண்டாமென்று பொழியூர்க் கரையில் கரமடி என்ற கரைவலை இழுக்கும் இடத்துக்கே நேராகப் போகத் தொடங்கினேன்.

கரமடியில் சாளையும் நெத்தோலியும் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றையே முக்கியத் தீனியாக வைத்தது நான் செய்த தவறு. அவ்வகை மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைத்துவிடும். உறையவைப்பதால் அந்த நொதி அழிவதில்லை, சூடாக்கினால்தான் அழியும். சில மாதங்களில் என் மீன்கள் தீனியைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இப்போது அவற்றை எப்போதாவது மட்டுமே சேர்க்கிறேன். கட்டம் உருகியபின் உயிர்ச்சத்துத் துளிகளில் பத்து நிமிடம் ஊறவைத்தே போடுகிறேன். சாளையின் எண்ணெய் நீர்மேல் படலமாக மிதக்கும் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

மைசிஸுக்கு மாற்றாகக் கூனி இறாலை உறையவைத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். கடையில் கிடைப்பதெல்லாம் உப்பிட்ட காய்ந்த கூனிதான். நீரோடி முதல் குளச்சல் வரை பச்சைக் கூனி எந்தத் துறையில், எந்த மாதத்தில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.